மஹ்ரீன் மேடம் வீடியோ

“டாக்டர், மஹ்ரீன் மேடம் புது வீடியோ போட்டிருக்காக. பாத்தீகளா?”

நர்ஸ் பாண்டிலட்சுமி ஆசையாகத்தான் கேட்டாள். ஓவியாவுக்குச் சுருக்கென்றது.

“வேலை இல்லாதவுக பாக்கட்டும். எனக்கு எங்க நேரம்?”

பச்சைப் பொய். முந்தின நாள் தாயில்பட்டி வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில், இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அதை இரண்டு தரம் பார்த்திருந்தாள். பார்த்து முடித்ததும் வழக்கம்போல ‘பிடிக்கவில்லை’ என்று ஒரு தட்டும் தட்டியிருந்தாள். அதுவும் வேறொரு பெயரில்.

சாத்தூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு டாக்டர் ஓவியாதான். மஹ்ரீன் அவளோடு மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். சிவகாசியில் பேப்பர் வியாபாரம் பார்க்கும் செய்யது அபுதாஹிரின் மகள். இன்றைக்கு லண்டனில் தீவிர சிகிச்சை நிபுணர். அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் தமிழில் பாடம் எடுத்து, இலவசமாக இணையத்தில் போடுகிறாள்.

அந்த இலவசம்தான் ஓவியாவின் வயிற்றைப் பற்றவைத்தது. ‘அங்கன உக்காந்துக்கிட்டு நமக்குத் தானம் பண்றாளாக்கும்!’

கல்லூரியில் மஹ்ரீனுக்கு ஈ.சி.ஜி. பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே ஓவியாதான். மேல்படிப்புக்கு இரண்டு பேருக்கும் இடம் கிடைத்த வருஷம், பட்டாசு கம்பெனி வெடி விபத்தில் ஓவியாவின் அம்மா சண்முகத்தாய்க்கு இரண்டு கையும் வெந்துபோனது. சோறு ஊட்டிவிட ஆள் வேண்டும். ஓவியா படிக்கப் போகவில்லை. மஹ்ரீன் போனாள்.

அன்று மத்தியானம், அச்சங்குளத்தில் வெடி விபத்து என்று மாரிக்கண்ணன் என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் கருகியிருந்தது. ஆனால் ஆள் தெளிவாகப் பேசினார்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எம் பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லிராதீக, பயந்துருவா.”

“நல்லாத்தான் பேசுறாரு மேடம். ஆக்சிஜனைக் குடுத்து மதுரைக்கு அனுப்பிரலாமா?” என்றான் ஜூனியர் டாக்டர் மகேஷ்குமார்.

ஓவியா குனிந்து பார்த்தாள். மூக்குக்குள் கரி. பேசப் பேசக் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

பஸ்ஸில் கேட்ட குரல் காதுக்குள் வந்து நின்றது. ‘பேசுறாரேன்னு நம்பி அனுப்பிராதீங்க. உள்ள தொண்டை வீங்கிக்கிட்டு இருக்கும். வழியில அடைச்சிருச்சுன்னா ஆம்புலன்ஸ்ல ஒண்ணும் பண்ண முடியாது.’

“அனுப்ப வேணாம். முதல்ல ட்யூப் போடணும். பாண்டிலட்சுமி, ரெடி பண்ணு!”

மயக்க மருந்து கொடுத்து, வீங்க ஆரம்பித்திருந்த தொண்டைக்குள் மூச்சுக் குழாயை இறக்கினாள். அதன்பிறகே ஆம்புலன்ஸ் கிளம்பியது.

சாயங்காலம் மதுரையிலிருந்து போன் வந்தது. “யாருங்க ட்யூப் போட்டது? கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் ஆள் வழியிலேயே போயிருப்பாரு.”

பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் ஓவியாவைப் பாராட்டினார். “இதை எங்க கத்துக்கிட்டம்மா?”

“எல்லாம் அனுபவம்தான் சார்” என்றாள் ஓவியா. பாண்டிலட்சுமியின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே மஹ்ரீன் லீவில் ஊருக்கு வந்தாள். பெரிய டாக்டர் விடுவாரா? அழைத்துவந்து ஆஸ்பத்திரி ஹாலில் பேச வைத்துவிட்டார். விருதுநகரிலிருந்துகூட டாக்டர்கள் வந்திருந்தார்கள். சால்வை, பூச்செண்டு, ஆளாளுக்கு செல்ஃபி.

ஓவியா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மைக்கைப் பிடித்து நின்றவளைப் பார்க்கப் பார்க்க, ‘அங்கன நான்ல நின்னிருக்கணும்’ என்று உள்ளே எரிந்தது.

மஹ்ரீன் பேசி முடித்ததும் மகேஷ்குமார் எழுந்தான்.

“மேடம், லண்டன்ல பட்டாசு கம்பெனி கிடையாது. உங்க ஆஸ்பத்திரியில இல்லாத மெஷினும் கிடையாது. ஆனா உங்க பாடத்துல பூராம், ‘ஸ்கேன் இல்ல, ஸ்பெஷலிஸ்ட் இல்ல, பெரிய ஆஸ்பத்திரி தூரத்துல இருக்கு, என்ன செய்வீங்க’ன்னுதான் வருது. எங்க கூடவே நின்னு எடுத்த மாதிரி இருக்கு. யாரை நினைச்சு மேடம் இதெல்லாம் பண்றீங்க?”

‘இந்தா, சேவை, பிறந்த மண்ணுன்னு அளக்கப் போறா’ என்று பல்லைக் கடித்தாள் ஓவியா.

மஹ்ரீன் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“பொய் சொல்லக் கூடாது. ஊருக்கு நல்லது பண்ணணும்னு நான் இதை ஆரம்பிக்கல. என்கூடப் படிச்ச ஒருத்திக்காக ஆரம்பிச்சேன். என்னைவிடக் கெட்டிக்காரி. அவளால மேல படிக்க வர முடியல. நான் படிக்கிறதெல்லாம் அவளுக்கும் கிடைக்கட்டும்னு புஸ்தகமா வாங்கிப் பார்சல் அனுப்பினேன். பிரிச்சுக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பிட்டா.”

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். ஓவியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்புறம் என்ன மேடம் பண்ணுனீங்க?”

மஹ்ரீன் கடைசி வரிசைப் பக்கம் தப்பித்தவறிக்கூடத் திரும்பவில்லை.

“அவளுக்குன்னு குடுத்தா வாங்க மாட்டா தம்பி. அதான், எல்லாருக்கும்னு குடுத்தேன்.”