ஆளுக்கு ஒரு வரி

1926, ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை. மாலை மணி நான்கே கால். பிரேசர் டவுனில் குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற அளவுக்குத் தூறல்.

தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்தின் கமிட்டி அறையில், அல்போன்சா டீச்சர் எழுந்து நின்று, தான் இயற்றிய வெள்ளிவிழா வாழ்த்துப்பாவை வாசித்தாள்.

“துரைவீட்டுப் பந்தியிலே சுவைபடைத்த கையெம்கை;
குதிரைக்குக் கொள்ளூட்டிக் குளம்புதுடைத்த கையெம்கை;
கல்லுடைத்துக் கோயிலுக்குக் கால்நட்ட கையெம்கை;
வந்தவழி மறவாத வண்டமிழர் நாங்களே!”

மாதா திருநாளன்று பிஷப் முன்னிலையில் பாடி, பட்டுத் துணியில் அச்சிட்டு, கண்ணாடி போட்டுச் சங்கச் சுவரில் மாட்டப்போகிற பா. பட்டாளத்தின் பின்னால் நடந்து இந்தத் தண்டுக்கு, வெள்ளைக்காரர் சொல்லும் கன்டோன்மென்டுக்கு, வந்து சேர்ந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுடைய கைகளாவது ஒரு பாட்டில் நிற்கட்டும் என்று நான்கு மாதம் உழைத்திருந்தாள்.

“பேஷ்!” என்றார் தலைவர் ஆம்ப்ரோஸ். ராணுவ ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். “இப்ப ரூல் பிரகாரம் நடத்திடலாமா?”

ரூல் இதுதான்: சங்கத்தில் அரங்கேறும் எந்தப் பாட்டிலும், கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வரியை அடிக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. முந்தைய தலைவரின் மீசையைப் புகழ்ந்து பதினாறு வரி வந்த வருஷம் போட்ட சட்டம்.

ஆம்ப்ரோஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் வரியை அடித்தார்.

“ஐயா, அந்த வரி...”

“காரணம் கேக்கக் கூடாது டீச்சர்.”

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய பாட்டனார் கர்னல் பங்களாவில் பட்லராக இருந்தது ஊரறிந்த சங்கதி.

பென்சில் பெர்னார்டிடம் போயிற்று. மோட்டார் கார் வியாபாரி, குதிரைக்காரர் பேரன். இரண்டாவது வரி போயிற்று.

“பிஷப் எதிர்ல போயி குதிரை, கொள்ளுன்னு பாடினா நாறாதா டீச்சர்?”

மூன்றாமவர் மதலைமுத்து, கட்டட காண்ட்ராக்டர். மூன்றாவது வரியின் மேல் இரண்டு கோடு போட்டார்.

“கல்லுடைச்சாங்கன்னா ஜெயில்ல இருந்தவங்கன்னு நினைச்சுக்குவாங்க. எங்க தாத்தா இஞ்சினீயர்.”

“ஆமாமா, கைநாட்டு இஞ்சினீயர்” என்றார் பெர்னார்ட்.

“நீ உன் குதிரையைப் பாரு.”

அல்போன்சா காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். “மிச்சம் ஒரே ஒரு வரிதாங்க இருக்குது.”

ஆம்ப்ரோஸ் அதை உரக்கப் படித்தார். “‘வந்தவழி மறவாத வண்டமிழர் நாங்களே.’ அருமை! சாரமெல்லாம் இதுலயே இருக்குது. பிஷப்புக்கும் நேரமில்லை.”

ஏகமனதாக நிறைவேறிற்று.

“அப்படின்னா அதுக்குக் கீழே என் பேர் வேண்டாம்” என்றாள் அல்போன்சா. “பெத்தவங்க செஞ்ச வேலையைச் சொல்ல வெட்கப்படறவங்களுக்கு நான் பாட்டு எழுதறதில்லை.”

குடையை விரிக்கவே இல்லை. தலை நிமிர்ந்து நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை, முதல் பூசை முடிந்த கையோடு, ஆம்ப்ரோஸ் அவள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், நான் அடிச்சேனே, அந்த வரியை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. பேரப் பிள்ளைங்க படிக்கட்டும். பெர்னார்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம், பேஜாராயிடும்.” வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நழுவினார்.

பெர்னார்ட் காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். தாத்தாவின் வரியைக் கேட்டு வாங்கினார். “ஆம்ப்ரோஸ் ஐயா கிட்ட மூச்சு விடாதீங்க” என்றார்.

மதலைமுத்துவுக்கு வரத் தைரியமில்லை. மனைவி கேத்தரினை அனுப்பினார். “கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க டீச்சர். ராத்திரியெல்லாம் அதையே சொல்லிட்டிருந்தாரு, அழுதுட்டாரு.”

கேத்தரின் போனதும் அல்போன்சா கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள்.

“பார்த்தியாம்மா இவங்க கௌரவத்தை? சபையில ஒண்ணு, பின்வாசல்ல ஒண்ணு!”

அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிரிஜெட் நிமிரவில்லை. முப்பது வருஷம் துரைமார் வீடுகளில் ஆயாவாக இருந்து மகளைப் படிக்க வைத்தவள். எழுத்துத் தெரியாது, காதில் விழுந்தது எதுவும் மறக்காது.

“அடிச்சாங்க, மனசு கேக்காம வந்து வாங்கிட்டுப் போனாங்க. அது சரி” என்றாள். “‘பிறர்பெற்ற பிள்ளைக்கும் தொட்டிலாட்டும் கையெம்கை’ன்னு போன மாசமெல்லாம் பாடிப் பாத்துக்கிட்டு இருந்தியே, அந்த வரியை யாரும்மா அடிச்சது?”

அல்போன்சாவின் சிரிப்பு நின்றது.

“அது கமிட்டி வரைக்கும் போகலைம்மா” என்றாள்.