புது பேட்ஜ்

அவசரநிலை அறிவித்த அன்றே ராணுவம் அணு உலையைப் பூட்டி, வேலைக்குப் போனவர்களை உள்ளேயே நிறுத்திக்கொண்டது. அவர்கள் மார்பில் அணிந்த கதிர்வீச்சு பேட்ஜுகள் மட்டும் வாராவாரம் ஜீப்பில் வெளியே வந்தன. அவற்றை அளந்து, பதிலுக்குப் புது பேட்ஜுகளை உள்ளே அனுப்புவது எஸ்தரின் வேலை. கணவன் ஜெபமணியின் பேட்ஜில் கொஞ்சமாவது கதிர்வீச்சு பதிந்திருந்தால், அந்த வாரமும் அவன் நடமாடியிருக்கிறான் என்று நிம்மதியாவாள். இன்று எதுவுமே பதியவில்லை.

"சார், இவரு லீவுல இருக்காரா?"

"உள்ள எவனுக்கும்மா லீவு? எனக்கே இல்ல. புது பேட்ஜக் குடுங்க, கெளம்பணும்," என்றான் ஜீப்பில் வந்த சிப்பாய்.

ஜெபமணியின் பெயர் ஒட்டிய புது பேட்ஜை, தன் சூட்டோடு அவனிடம் போகட்டும் என்று, வாராவாரம் போலவே அவள் ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். உடம்புச் சூடு இன்னும் அதில் ஏறவில்லை.

"ரெடியாகல," என்றாள். "கொஞ்சம் உக்காருங்க."