கொசு மருந்துக்குப் பல்லி சாட்சி

"பொய்! பச்சைப் பொய்!" என்று டி.வி.க்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பெண் பல்லி கத்தியது. "செத்த கொசு எங்கேயாவது வரிசையா மல்லாந்து விழுமா? கொசுவையே தின்னு வளர்ந்த எங்கிட்டயே கதை விடறானே!"

கீழே விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியின் காதில் அது வெறும் 'இச் இச்' என்றுதான் விழுந்தது. அவள் நாற்காலிக் கையை விரலால் மூன்று முறை தட்டினாள்.

"பல்லியே சொல்லிடுச்சுங்க! நல்ல மருந்துதான். நாளைக்கே வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் கணவனிடம்.

மறுநாள் சாயங்காலம் மருந்துக் குப்பி சுவரில் ஏறிவிட்டது. அதன் சிவப்பு விளக்கும் எரிந்தது.

"உன் வாய் சும்மா இருந்ததா?" என்று ஆண் பல்லி பொருமியது. "இனி சோத்துக்கு எங்கே போறது? பக்கத்து வீட்டுல பூனை வேற இருக்கு."

"பொய்யைப் பொய்னு சொன்னது தப்பா? பொறு, பாத்துடலாம்."

பெண் பல்லி குப்பியருகே இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதலில் மல்லிகை வாசம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கொசு வந்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, குப்பியின் தலைமேலேயே சாவகாசமாக உட்கார்ந்தது.

"அடியே, வந்துடுச்சுடி! அதோ இன்னொண்ணு!" ஆண் பல்லி துள்ளிய துள்ளலில் பாதிச் சுவர் தூரம் வழுக்கி இறங்கியது.

"பாத்தீங்களா, ஒரு கொசு இல்லை" என்றாள் மங்கையர்க்கரசி பெருமையாக.

பெண் பல்லிக்கு மறுபடியும் கத்தவேண்டும்போல் நாக்கு துருதுருத்தது. வாய் நிறையக் கொசு இருந்ததால் முதலில் அதை விழுங்கியது.

மங்கையர்க்கரசி ஒரு பாதத்தால் மறு கணுக்காலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.