தொட்டுச் சொல்லுங்கள்

வாசலில் இழுத்த மூச்சு. மூன்றாவது கூடம் வரை அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

ராணிப்பேட்டைக்கு வெளியே, தோல் அருங்காட்சியகம். ஏசி ஓடியது. தரையை எலுமிச்சை வாசனை போட்டுத் துடைத்திருந்தார்கள்.

அவருக்கு அது பிணத்துக்குப் போட்ட சென்ட்.

பக்கத்தில் மகன். முன்னால் யசோதரா. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்கிறான் மகன்.

"ஒரு தடவ வந்து பாருப்பா. அப்புறமும் வேணாம்னா நான் வாயே தொறக்கல" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான்.

வேண்டாம் என்பதை அவர் வீட்டிலேயே தயார் செய்து எடுத்து வந்திருந்தார். சுற்றி முடிந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான்.

கண்ணாடிக்குள் மிருதங்கம். எந்தப் பக்கம் எந்தத் தோல் என்று யசோதரா சொன்னாள்.

மார்கழி தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டவர் அவர். அத்தனை மார்கழிகளையும் மனசுக்குள் ஒருமுறை குளிப்பாட்டினார்.

அடுத்து தோல்பாவை. ராமர்.

கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது.

"ஆட்டுத் தோல், சார்."

கை பாதியில் நின்றது.

கடைசிக் கூடத்தில் ஆள் உயர மரப்பெட்டி. பக்கவாட்டில் ஐந்து ஓட்டைகள். உள்ளே கைவிட்டு, என்ன விலங்கு என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் விளையாட்டு.

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொடக்கூட மாட்டியாப்பா?"

மகன் சத்தமாகக் கேட்கவில்லை. யசோதராவுக்குக் கேட்டுவிட்டது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

விரல்நுனியை மட்டும் விட்டார். கடைசி ஓட்டையில்.

ச்சை.

வெடித்துக் கிடந்தது. மரப்பட்டை மாதிரி சொரசொரப்பு. அதில் ஒரு வெதுவெதுப்பு வேறு. முழங்கை வரை மயிர் சிலிர்த்தது.

"எருமை," என்றார். "செத்து நாளான எருமை."

எருமை அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது.

"எரும இல்லீங்க சம்மந்தி," என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "தனகோட்டி. பொண்ணோட அப்பன். இங்கதான் வேலை. உள்ள பழைய தோலக் கயட்டிட்டு வேற மாட்டினு இருந்தேன்."



"உங்க மேல தப்பில்ல. தோல ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டியிலயே கெடந்த கை. எம் பொண்டாட்டியே பயப்படுவா."

அவர் முகம் வாந்திக்கு முந்தைய முகமாக இருந்தது.

யசோதராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ நைனா! அவரு கைய வுடு!"

"நான் அப்பவே வுட்டுட்டேன் கண்ணு."

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

முகத்தில் அருவருப்பு அப்படியே இருந்தது.

கைதான் வெளியே வரவில்லை.