மடிந்த வாஷர்

அந்த டிரம்முக்கு வாய்த்தது ரொம்பவே கௌரவம் பார்க்கிற மூடி.

ஜெரால்டு வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்காக டிரம்மில் பார்லிச் சாறு ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடியைத் திருகினான். அவசரத்தில் மூடிக்குள் இருந்த ரப்பர் வாஷர் ஓரமாக மடிந்துகொண்டது. மூடிக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் மூச்சு விடவில்லை.

மூடியின் தலையில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று இருந்தது. உள்ளே புளித்தால் அதில் குமிழி வர வேண்டும். இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. புளித்து எழுந்த காற்றெல்லாம் வாஷர் மடிந்த சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஈஸ்ட் செத்துருச்சு போல,” என்றது குழாய்.

“நானும் அதான் நினைச்சேன்,” என்றது மூடி.

“அண்ணே, நாங்க இங்க இடுப்பொடிய வேலை பார்த்துட்டிருக்கோம்,” என்று கீழேயிருந்து ஈஸ்ட் கத்தியது. மூடி காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெரால்டு குழாயை உற்றுப் பார்த்தான். “கெட்டுப்போச்சு, கொட்டிட வேண்டியதுதான்,” என்று டிரம்மைச் சாக்கடைப் பக்கம் இழுத்துப் போனான். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கீழே அத்தனை உயிரும் போகும். மூடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

அவன் திருகித் திறந்தான். உள்ளே நுரை பொங்கி நின்றது. சந்தேகத்தோடு மூடியைத் திருப்பிப் பார்த்தான். மடிந்த வாஷர் பளிச்சென்று தெரிந்தது. அதை நீவிவிட்டு இறுக்கி மூடினான்.

கொஞ்ச நேரத்தில் குழாய் ‘குளுக்’ என்றது.

“மூடி அண்ணே, இப்ப சொல்லுங்க,” என்றது ஈஸ்ட். “நாங்க செத்துட்டோமா?”

மூடி வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை காற்றுகூடக் கசியவில்லை.