யாருக்காகப் பார்க்கிறான்?

“அங்க யாரும்மா நிக்கிறாங்க?”

ஆசிரியை கேட்டதும் ஜன்னலோரத்தில் இருந்த மாணவி திடுக்கிட்டுத் திரும்பினாள். உயர்த்திய கையை அவசரமாக மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

“யாருமில்ல மேடம்.”

இது மூன்றாவது முறை. ஜன்னலுக்குக் கீழே பைக் ஸ்டாண்ட். எந்த நேரமும் அங்கே நாலு பையன்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். இவள் கை காட்டுவதும் தலையாட்டுவதும் அவர்களில் ஒருத்தனுக்குத்தான் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சிப் பட்டமா வேண்டும்?

மற்ற நாளாக இருந்தால் ஆசிரியை கண்டும் காணாமல் விட்டிருப்பாள். இன்று கடைசி பெஞ்சில் துறைத்தலைவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டுவதா, வேண்டாமா என்று எழுதப்போகிறார்.

இன்றைக்குப் பார்த்து மகளின் பள்ளிக்குத் திடீர் விடுமுறை. வீட்டில் ஆளில்லை. கல்லூரிக்குள் பிள்ளைகளைக் கூட்டி வருவது துறைத்தலைவருக்கு ஆகவே ஆகாது; போன மாதம்தான் ஒருத்திக்கு மெமோ கொடுத்தார். காலையில் பின்வாசல் வழியாக மகளை உள்ளே கொண்டுவந்தபோது, நல்லவேளை, இரண்டொரு மாணவிகளைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. ஆசிரியர் அறை மூலையில் அவளை உட்காரவைத்து, கலர் பென்சிலைக் கொடுத்து, அசையமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தாள். ஆறு வயசு சத்தியம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினால் கால் எப்படி ஒரு இடத்தில் நிற்கும்?

பாடமோ ரொமான்டிக் கவிதைகளில் காதலும் இயற்கையும். மழையில் நனைகிற ஒற்றை மரத்தை ஜன்னல் வழியே பார்த்து ஒருத்தன் எழுதிய இருபது வரி.

“இருபது வரியும் மரம்தான். காதல்ங்கிற வார்த்தையே இல்ல. அப்புறம் எப்படி இது காதல் கவிதை? அந்த மரத்தடியிலதான் அவ வந்து நிப்பா. இன்னும் வரல. எதைப் பார்க்கிறான்னு மட்டும் பார்த்தா உங்களுக்கு மரம்தான் தெரியும். யாருக்காகப் பார்க்கிறான்னு பாருங்க.”

துறைத்தலைவர் தலையாட்டி எதையோ எழுதினார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் ஜன்னலோரக்காரி பாதி எழுந்து, வெளியே பார்த்து இரண்டு கையையும் வேகமாக ஆட்டினாள்.

துறைத்தலைவரின் பேனா நின்றது.

“நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு.”

மாணவி ஆசிரியையைப் பார்த்தாள். கடைசி பெஞ்சைப் பார்த்தாள். வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

“உன்னைக் காதல் கவிதை படிக்கத்தான் அனுப்பியிருக்காங்க, காதலிக்க இல்ல. வெளிய போ.”

வகுப்பு சிரித்தது. அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல் புத்தகத்தைக்கூட எடுக்காமல் ஓடினாள். தடதடவென்று படியிறங்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு கொழுப்பு என்று ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி அடித்ததும் துறைத்தலைவர் வந்து, இந்தக் கண்டிப்புதான் வேண்டும், ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

மூலையில் கலர் பென்சில்கள் மட்டும் கிடந்தன.

சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம். படிகளில் விழுந்தடித்து இறங்கி, பைக் ஸ்டாண்டைத் தாண்டி ஓடினாள். லாரிகள் பறக்கிற சாலைக்கு இரண்டடி இந்தப் பக்கம், திறந்து கிடந்த கேட்டை மறித்தபடி அந்த மாணவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள்.

“நான் கேட் பக்கத்துல போறப்பல்லாம் இந்த அக்கா மேல ஜன்னல்லேருந்து வேணாம், வேணாம்னு கை காட்டினாங்கம்மா. அப்புறம் ஓடியே வந்துட்டாங்க.”

ஆசிரியை மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

மாணவி உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“எப்படி மேடம் சொல்றது? பின்னாடி சார் உட்கார்ந்திருந்தாரே.”