கிழக்குச் சுவர்க் கல்

ஆர்மீனிய மலையுச்சியில் இருந்த அந்தப் பழைய தேவாலயத்தின் கிழக்குச் சுவரைச் செப்பனிடப் போன கல்தச்சன் அர்ஷாக், ஒரு பனிமூட்டக் காலையில் உளியோடு காணாமல் போனான். ரஷ்யாவில் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டார்கள். அவன் மனைவி சிரானுஷ் மட்டும் நம்பவில்லை. விட்ட வேலையை அவன் கூட்டாளி கேகாம் தொடர்ந்தபோது, மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று கேகாம் சுவரிலிருந்து ஒரு கல்லை உருவி வைத்துவிட்டு, சாப்பாடு கொண்டுவந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினான். எண்ணூறு ஆண்டுகளாக வெளிச்சம் படாத அதன் உட்பக்கத்தில் சிரானுஷ் பெயரின் முதலெழுத்தும், கீழே இரண்டு திராட்சைகளும் செதுக்கப்பட்டிருந்தன. அர்ஷாக் தான் கொத்தும் கல்லிலெல்லாம் போடும் அடையாளம் அது.

"கட்டினதுக்கப்புறம் இந்தக் கல்லை யாரும் தொட்டதே இல்ல அண்ணி. சுண்ணாம்பை நான்தான் இப்ப உடைச்சேன்."

அவள் திராட்சைகளைத் தடவினாள். உளி கொத்திய கல்தூள் விரலில் ஒட்டியது.

"வழக்கம்போல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ஏம்ப்பா, இப்படி ஒரு கோயில் கட்டி முடிக்க அந்தக் காலத்துல எவ்வளவு நாளாகும்?"

"முப்பது நாப்பது வருஷமாவது ஆகும்."

"அப்போ ஓடிப்போகல. அங்க வேலை இன்னும் முடியல, அவ்வளவுதான்."

மெல்லிய ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுருட்டி அந்தப் பொந்துக்குள் வைத்தாள். கேகாம் தடுக்கவில்லை. கனத்த கல்லைத் தூக்கிப் பொந்தின் விளிம்பில் பொருத்தினான். அவன் தள்ளுவதற்கு முன்பே, உள்ளேயிருந்து யாரோ இழுத்துக்கொண்டதுபோல அது வழுக்கிப் போய் உட்கார்ந்தது.